தேன்மொழியின் முப்பது நிமிடங்கள்

என் மனைவி தேன்மொழி எண்பத்தொரு நாட்களாக ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை என்று அரசாங்கம் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது.

அரசாங்கம் என்றால் மகிழ்நேர வாரியம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் விளையாடாமல் இருந்தால் மூளை சீக்கிரம் இற்றுப்போகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். ஓர் அமைச்சர் படிக்கும்படி எழுதிவிட்டார். மறு வருடமே சட்டம் வந்தது, வாரியம் வந்தது, வாரியத்துக்கு ஏழு மாடிக் கட்டடம் வந்தது, எங்கள் எல்லோருடைய இடது காதுக்குப் பின்னாலும் மிளகு அளவில் ஒரு கருவி வந்து ஒட்டிக்கொண்டது. அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கை ரம்மி ஆடிவிடலாம் என்பதால் ஜனங்கள் அதைக் காதுப்பொட்டு என்றார்கள். உண்மையாகவே விளையாடினால் அது பச்சையாக எரியும். மற்ற நேரமெல்லாம் சாம்பல் நிறம். மாதத்துக்கு முப்பது நிமிடம் பச்சை எரிந்தால் போதும். மூன்று மாதம் தொடர்ந்து எரியாவிட்டால் பதினைந்து நாள் புத்துணர்வு இல்லத்துக்கு அன்புடன் அழைத்துச் செல்வார்கள்.

'அன்புடன்' என்பது கடிதத்தில் இருந்த சொல். வெள்ளை வேன், பின்பக்கம் ஜன்னல் கிடையாது என்பதெல்லாம் கடிதத்தில் இல்லாதது.

இந்தச் சட்டத்தால் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. காலையில் ஷட்டில், மாலையில் சீட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேரம். போன மாதம் என் கணக்கு ஐம்பத்திரண்டு மணி நேரம். திருச்சியில் எங்கள் பொன்னிநதி அடுக்ககத்தில் நான்தான் முதலிடம். வாரியம் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். 'குணசீலன் அவர்கள் தமது ஓய்வு நேரத்தை முன்னுதாரணமாகப் பயன்படுத்தியமைக்காக' என்று அதில் இருக்கும். அதைத் தினமும் துடைப்பது தேன்மொழி.

கடிதத்தை அடுக்களையில் நின்றுகொண்டிருந்தவளிடம் நீட்டினேன். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்குப் போய் ஊராருக்கு ஊசி குத்திவிட்டு நான்கு மணிக்கு வருவாள். அவள் வந்த நேரத்திலிருந்து, உள்ளறையில் படுத்திருக்கும் என் அப்பா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

"சரி" என்றாள்.

"என்ன சரி?"

"லெட்டர் வந்திருக்கு. சரி."

"இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு தேனு. கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோட மாசம் முடியுது. வேன் வந்துடும்."

"வரட்டும். மாவு பொங்கி வழியுது பாருங்க. அந்தக் குண்டானைக் கொஞ்சம் நகர்த்துங்க."

"உனக்குப் பயமா இல்ல?"

"இன்னிக்கு நேரமில்லீங்க" என்றாள்.

எனக்கு நேரம் இருந்தது. நான் பயந்தேன்.

பயந்ததற்குக் காரணம் மூன்றாவது மாடி அறிவழகன். அவர் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் நடந்து வந்தால் லிப்ட்கூட முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரிப்பது மாணவர்களின் வேலையைக் கெடுக்கும் என்பது அவருடைய கொள்கை. கொள்கைக்குக் காதுப்பொட்டு மசியவில்லை. மூன்று மாதம் பூஜ்யம். போன வருடம் வேன் வந்து அழைத்துப் போய்ப் பதினைந்து நாளில் திருப்பி விட்டது. கையில் கொடுத்த தாளில் 'முழு வெற்றி' என்று முத்திரை.

மறுநாள் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஷர்மிளா கதவை அரையாகத் திறந்தார்.

"வாங்கண்ணா. மெதுவா வாங்க, அவர் ஒளிஞ்சிக்கிட்டிருக்கார்."

"எங்க?"

"சொல்லக் கூடாது. சொன்னா ஆட்டம் கலைஞ்சிடுச்சுன்னு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிப்பார். எனக்குத் தெம்பு இல்ல."

ஜன்னல் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஷர்மிளா அந்தப் பக்கம் பார்க்காமல், ஒரு தட்டில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

"சாப்பாடு?" என்றேன் குரலைத் தாழ்த்தி.

"வெளியில வர்றப்ப ஒரு வாய் ஊட்டிடுவேன். பசிக்குதுன்னு அவருக்குத் தெரியறதில்ல. செய்ய வேண்டியதுன்னு ஒண்ணு இருக்குங்கற நெனப்பையே எடுத்துட்டாங்கண்ணா. சாப்பிடறது, குளிக்கறது எல்லாம் செய்ய வேண்டியதுதானே. அழறதும் அப்படித்தான் போல. அவங்க அம்மா தவறினப்ப நீங்க வந்தீங்கல்ல?"

வந்திருந்தேன். கூடத்தின் நடுவில் குளிர்பெட்டியில் அந்த அம்மாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். அறிவழகன் குளிர்பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நூறு வரைக்கும் நிதானமாக, ஒன்றையும் விடாமல் எண்ணினார். ஒப்பாரி நின்றுவிட்டது. எண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் ஒளியாமல் நின்றிருந்ததில் அவருக்கு மிகுந்த ஏமாற்றம். மறுபடி நெற்றியை முட்டுக்கொடுத்து ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"ஆனா சந்தோஷமா இருக்கார்" என்றார் ஷர்மிளா. "போன வாரம் வாரியத்துலேர்ந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. அக்காவுக்கு லெட்டர் வந்திருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் என் பிடரியில் ஒரு ஜில்லென்ற கை விழுந்தது.

"அவுட்!"

திரையில் பாதங்கள் இன்னும் தெரிந்துகொண்டிருந்தன. அவை வெறும் செருப்புகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அறிவழகன் என் முகத்துக்கு அரையடி தூரத்தில் நின்று சிரித்தார். காதுக்குப் பின்னால் பச்சை அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்களில் நான் பழைய தலைமையாசிரியரைத் தேடினேன். உள்ளே எங்கோதான் அவரும் ஒளிந்திருக்க வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க யாரும் நூறு எண்ணிக்கொண்டிருக்கவில்லை.



புதன்கிழமை மாலை வாரியத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பர்வீன் என்று பெயர், முப்பது வயதிருக்கும். மிகவும் மரியாதையான பெண். மரியாதையாகப் பேசுகிற அதிகாரிகளைக் கண்டால் எனக்குப் பயம். தேன்மொழி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவுக்குக் கால் பிடிக்கப் போனாள்.

"மேடம் டிவி பார்க்கறாங்களா சார்?"

"பார்ப்பாளே. தினம் சீரியல் பார்ப்பாள்."

"அப்ப கையில என்ன இருக்கும்?"

யோசித்தேன். "வெங்காயம்."

பர்வீன் கைக்கருவியில் எதையோ குறித்துக்கொண்டார். "பொட்டு சிரிப்பையோ சந்தோஷத்தையோ அளக்கறதில்ல சார். அடுத்து என்ன, அதுக்கடுத்து என்னன்னு ஒரு பட்டியல் எல்லாருக்கும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அது நிக்கற நேரத்தைத்தான் அளக்குது. பட்டியல் நின்னாதான் விளையாட்டு. மேடத்துக்கு எண்பத்தாறு நாளா நிக்கவே இல்ல. தூக்கத்துலகூட கொஞ்சம் ஓடுது."

"உங்க இல்லத்துல என்ன செய்வாங்க?"

"அந்தப் பட்டியல் ஓடற இடத்துக்கு மெல்லிசா ஒரு மின்சாரம். வலிக்கவே வலிக்காது சார்."

"திரும்ப ஓட வைக்க முடியுமா?"

"எதுக்கு சார்?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "சரி, மேடத்துக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்? சொல்லுங்க, அதுக்கு ஏற்பாடு பண்ண முடியுதான்னு பார்ப்போம். நானும் ஆள் சேர்க்கறதுக்காக வரல."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். எனக்குப் பிடித்த ஷட்டில் மட்டையின் எடை, கம்பியின் இழுவை, பந்தின் வேகம் எல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன்.

"கோலம்" என்றேன்.

"அது வேலை சார்" என்றார் பர்வீன் மென்மையாக.

போகும்போது வாசலில் நின்று, "உங்க ரெக்கார்டு பார்த்தேன் சார். ஐம்பத்திரண்டு மணி நேரம். ரொம்பப் பெருமையா இருக்கு" என்று கைகூப்பினார். அது குத்தலா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுக்ககச் சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் மாணிக்கவேலு வெள்ளை வேட்டியில் கிளம்பிவிட்டார். எங்கள் வளாகத்தில் முப்பது நிமிடம் தேறாதவர்கள் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களைக் காப்பாற்ற சனிக்கிழமை மாலை 'விளையாடாதோர் விளையாட்டு விழா' என்று பேனர் வைத்தார். பேனரில் மாணிக்கவேலுவின் படம் பெரியதாகவும், வாரியத் தலைவரின் படம் அதைவிடக் கொஞ்சம் சிறியதாகவும், ஒரு பந்தின் படம் மூலையிலும் இருந்தது.

விழா நான்கு மணிக்கு. சிறப்பு விருந்தினர் நாலே முக்காலுக்கு வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள், காற்று அணைத்தது, ஐந்து முகத்துக்கும் ஐந்து பிரமுகர்கள் என்பதால் ஐந்து பேரும் மறுபடி வரிசையாக ஏற்றினார்கள். மாணிக்கவேலு வரவேற்புரை ஆற்றினார். "விளையாட்டின் விளைநிலமே, மகிழ்ச்சியின் மறுபெயரே" என்று விருந்தினரை நாற்பது நிமிடம் வரவேற்றார். பிறகு பொன்னாடை. விருந்தினருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குப் பொருளாளர் போர்த்தினார், பொருளாளருக்குப் போர்த்த ஆளில்லாமல் விருந்தினரே தனக்குப் போர்த்தியதைக் கழற்றிப் போர்த்தினார். பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றது தேன்மொழி. மற்ற எட்டுப் பெண்களும் பின்னால் இருநூறு பேருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் 'விளையாட்டும் விழுமியமும்' என்ற தலைப்பில் பேசி முடித்தபோது மணி ஏழு.

கடைசியாக இசை நாற்காலிப் போட்டி என்று அறிவித்தார்கள். நாற்காலியெல்லாம் பிரமுகர்கள் சிற்றுண்டி சாப்பிடத் தேவைப்பட்டதால் போட்டி ரத்தானது. அதற்கும் சேர்த்து நன்றியுரை சொன்னார்கள்.

அந்த மைதானத்தில் அன்று மூன்று மணி நேரமும் ஒரே ஒரு காதுப்பொட்டுதான் பச்சையாக எரிந்தது. மைக்கைப் பிடித்திருந்த மாணிக்கவேலுவுடையது.

வீட்டுக்கு வந்து கைபேசியில் தேன்மொழியின் கணக்கைப் பார்த்தேன். பூஜ்யம். இல்லை, நான்கு விநாடி இருந்தது. நான்கு விநாடி எரிந்து அணைந்திருந்தது. எனக்கு அது ஏதோ கருவிக் கோளாறு என்று பட்டது.

"நாளைக்கு நீ ஒரு வேலையும் செய்யக் கூடாது. எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். பிறகு போய் அரிசி ஊறப்போட்டாள்.

ஞாயிறு. நான் ஷட்டிலுக்குப் போகவில்லை. அப்பாவைக் குளிப்பாட்ட ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி நேரம் அவர் என்னைத் தேற்றினார். காபி போட்டேன், திரிந்தது. சாம்பார் வைத்தேன், அடிபிடித்தது. நடுவில் தேன்மொழியை உட்கார வைத்துக் கேரம் போர்டை எதிரில் போட்டேன். அவள் ஒழுங்காக ஆடினாள். நான்கு காயை உள்ளே தள்ளினாள். பொட்டு சாம்பலாகவே இருந்தது. தாயக்கட்டை உருட்டினோம். சாம்பல். பலூன் ஊதிக் கூடத்தில் தட்டினேன். அவளும் தட்டினாள், ஒரு கையால் துணியை மடித்துக்கொண்டே.

"துணியைக் கீழே வை தேனு!"

வைத்தாள். கண் துணி மேலேயே இருந்தது.

நாலரைக்கு, சாப்பிடாமல் கிடந்த தீய்ந்த சாம்பாரையும் சாதத்தையும் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேசினேன்.

"தேனு, இந்த வீட்டுக்காக நீ எவ்வளவு உழைச்சிருக்கேங்கறது இன்னிக்குத்தான் எனக்கு முழுசா விளங்குது. இருபத்து மூணு வருஷமா ஒரு விளக்கு மாதிரி..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. அப்படியே மாணிக்கவேலு."

"யாரு, நானா?"

"இடுப்புல கையை வெச்சிக்கிட்டு... விளக்கு மாதிரின்னு..." அவளால் பேச முடியவில்லை. எழுந்தாள். சாம்பார் கரண்டியை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தாள். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, தாடைக்குக் கீழே இன்னொரு தாடையை வரவழைத்தாள். மாணிக்கவேலுவின் குரல் என் மனைவியின் தொண்டையிலிருந்து வந்தது.

"அடிபிடித்த நிலையிலும் அடக்கம் குன்றாத அண்ணன் சாம்பார் அவர்களே! அவருக்குத் தோள் கொடுக்கும் குழைந்த சாதம் அவர்களே! இருவரையும் இந்த நிலைக்கு உயர்த்திய எங்கள் குணசீலன் அவர்களே! வருக, வருக, வருக எனக் கரண்டி தாழ்த்தி வரவேற்கிறேன்!"

அடுப்புத் துடைக்கும் கரித்துணியை எடுத்து, இரு கையாலும் விரித்துக் காட்டி, சபையைப் பார்த்துத் திருப்பி, என் தோளில் போர்த்தினாள். போட்டோ எடுப்பதற்காக அப்படியே நின்றாள். போட்டோக்காரர் சரியாக எடுக்கவில்லை போலிருக்கிறது, கழற்றி மறுபடி போர்த்தினாள்.

காதுக்குப் பின்னால் பச்சை.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பாய்ந்துவந்த முயல் நான் கொஞ்சம் அசைந்தால் ஓடிவிடும் என்பதுபோல நின்றேன். அவள் விருந்தினராக மாறிச் சிறப்புரை ஆற்றினாள். நான் கைதட்டினேன். உள்ளறையிலிருந்து அப்பாவும் கைதட்டினார். பொருளாளராக மாறி, பொன்னாடைக்கு ஏங்கிக் கழுத்தை நீட்டினாள். பிறகு யாரையோ செய்துகாட்டினாள். உள்ளே வருகிறான், மட்டையைச் சோபாவில் போடுகிறான், சான்றிதழைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்கிறான், "தேனு, துண்டு!" என்கிறான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அது நான்தான் என்று பாதியில் புரிந்தது. சிரிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் செத்தாள்.

இப்படி ஒரு பெண் என் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் மூச்சு வாங்க.

கைபேசியைப் பார்த்தேன். "இருபத்தாறு! தேனு, இருபத்தாறு நிமிஷம்! இன்னும் நாலே நாலு!"

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். பொட்டு அணைந்தது.

"ஏன் நிறுத்திட்டே? நன்றியுரை பாக்கி இருக்கு. சொல்லு. பொருளாளர் நன்றி சொல்லணும்ல?"

"பாத்திரம் கிடக்குதுங்க."

"கிடக்கட்டும்!" கத்திவிட்டேன். "உனக்குப் புரியுதா இல்லையா? நாலு நிமிஷம்!"

"புரியுது. அதான் நிறுத்தினேன்."

உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்த சிவப்பு இன்னும் கன்னத்தில் இருந்தது.

"நேத்து மேடையில தட்டு தூக்கிட்டு நின்னப்பவே எனக்குச் சிரிப்பு அள்ளிக்கிட்டு வந்துச்சு. காபி டம்ளர் எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சேன். எண்ணினா அணைஞ்சிடும். மூணு மாசமா அப்படித்தான் பண்றேன். லேப்ல பசங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாங்க, உடனே நாளைக்கு என்ன டிபன், மாமாவுக்கு எப்ப மாத்திரைன்னு நெனைச்சுக்குவேன். இன்னிக்குத்தான் கொஞ்சம் அசந்துட்டேன்."

"வேணும்னேவா?"

"பதினஞ்சு நாளுங்க. போன் கிடையாது. யாரும் பார்க்க வரக் கூடாது. சாப்பாடு அவங்களே கொண்டுவந்து வெப்பாங்களாம்."

"லீவு வேணும்னா சொல்லியிருக்கலாமே? எங்கயாவது கூட்டிட்டுப் போயிருப்பேனே? கொடைக்கானல், ஏற்காடு..."

"போனோம். உங்க ஷட்டில் கோஷ்டியோட. எட்டுப் பேருக்கு நான் உப்புமா கிண்டினேன்."

கிண்டியது நினைவிருந்தது. நன்றாக இருந்தது என்று பாராட்டியதும் நினைவிருந்தது.

"தேனு, அறிவழகனைப் பார்த்தேல்ல? பதினஞ்சு நாள் கழிச்சு வர்றது நீயா இருக்காது. என்னை யாருன்னு உனக்குத் தெரியாது."

"தெரியுமாம். வேலை சொல்ற ஆளுன்னு மட்டும் தெரியாதாம்." "எனக்கும் பயம் இருக்குங்க. இல்லாம இல்ல. ஷர்மிளா வீட்டுக்கு நானும் ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அங்க அவர் சிரிச்சுக்கிட்டிருக்கார். அவதான் அழறா. நம்ம வீட்டுல அழறது நீங்களா இருந்துட்டுப் போங்களேன்."

அவள் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அப்பாவுக்குக் கஞ்சியில் உப்புக் குறைத்துப் போடுங்கள் என்று சொல்லும் குரலில் சொன்னாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன். இனிமேல் காலையில் நான் எழுந்துகொள்கிறேன் என்றேன். சீட்டை விட்டுவிடுகிறேன் என்றேன். கேரத்தையும் விட்டுவிடுகிறேன் என்றேன். ஷட்டிலை விடுகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தபோது ஒரு கணம் தயங்கினேன். அரை விநாடி இருக்கும். அவள் அதைப் பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு, பீரோவுக்குப் பின்னாலிருந்து ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்தாள்.

ஐந்தே முக்காலுக்கு வேன் வந்தது. பர்வீன் இறங்கி வந்து வணக்கம் சொன்னார். மாணிக்கவேலு எங்கிருந்தோ தோன்றி வழியனுப்பு உரை போல ஒன்றைத் தொடங்கினார். தேன்மொழி அவரை ஒரு பார்வை பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், வேகமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்தாறு நிமிஷம் ஓடியிருக்கே சார்!" என்றார் பர்வீன் கருவியைப் பார்த்து. "நல்ல முயற்சி. ஆறு மணிக்கு முன்னாடி முப்பது தொட்டுட்டாங்கன்னா எந்த இடத்துல இருந்தாலும் நாங்களே திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவோம். சட்டம் அப்படித்தான்."

கதவு மூடியது. வேன் வளாகத்து வாசலைத் தாண்டித் திரும்பியது. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு படியிலேயே நின்றேன்.

ஐந்து ஐம்பத்து நான்கு. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது.

முதலில் நம்பவில்லை. அவள் எதுவும் ஆடவில்லை, பாடவில்லை. ஜன்னலில்லாத ஒரு வேனில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். வீடு பின்னால் போயிருக்கிறது. பட்டியல் நின்றுவிட்டது.

இருபத்தேழு.

"பச்சை எரியுது சார்!" என்றேன் மாணிக்கவேலுவிடம். அவரும் கைபேசிக்குள் எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஐந்து ஐம்பத்தாறு. இருபத்தெட்டு. இந்நேரம் பாலத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். பாலத்தில் வண்டி திரும்ப முடியாது, இறங்கித்தான் திரும்ப வேண்டும், பரவாயில்லை. நான் கடவுளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு வெகு நாளாகியிருந்ததால் எந்தக் கடவுள் என்று தெளிவாகச் சொல்லவில்லை.

இருபத்தொன்பது. ஐந்து ஐம்பத்தேழு. இன்னும் ஒரே நிமிடம். நாற்பது விநாடி. முப்பது. இருபது விநாடி.

பச்சை அணைந்தது.

திரை சாம்பலாக நின்றது. ஐந்து ஐம்பத்தெட்டு. உள்ளங்கையால் கைபேசியைத் தட்டினேன், தட்டினால் எரியும் என்பதுபோல. ஐந்து ஐம்பத்தொன்பது. அப்போது அது அதிர்ந்தது. தேன்மொழியிடமிருந்து ஒரு செய்தி. போனை வாங்கி வைப்பதற்கு முன் அனுப்பியிருக்க வேண்டும்.

'மாமாவுக்கு ஆறு மணி மாத்திரை. நீல டப்பா. மறந்துடாதீங்க.'

திடீரென்று ஞாபகம் வந்து பதறி அனுப்பினாளா, அணைக்க வேண்டும் என்பதற்காகவே ஞாபகப்படுத்திக்கொண்டாளா என்று நான் அவளைக் கேட்க முடியாது. இனி கேட்டாலும் பதில் சொல்பவள் அவளாக இருக்க மாட்டாள்.

மணி ஆறு அடித்தது. நான் மேலே ஓடினேன். அடுக்களை அலமாரியின் எல்லாக் கதவுகளையும் திறந்தேன். உள்ளே வரிசையாக, சுத்தமாகத் துடைத்து, பதினான்கு டப்பாக்கள் இருந்தன. எல்லாம் நீலம்.